பங்குனிக் குழந்தையின் வெள்ளிப் பூட்டு

"நாளைக்குக் காலைல எங்க நைனாவைக் கல்கத்தாவுக்குக் கூட்டிக்கினு போறாங்க சார். வந்தவன் அவரு புள்ளதானான்னு இன்னிக்கே தெரிஞ்சாவணும்."

தாட்சாயிணி சொல்லிவிட்டு அழுதாள். அம்பத்தூரில் டயர் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், துப்பறிவாளர் உலகநாதன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். உதவியாளர் துலுக்கானம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். முன்னாள் பஸ் கண்டக்டர். பஸ் நிற்பதற்குள் விசில் கொடுக்கும் அவசரம் இன்னும் போகவில்லை.

அவள் 'நைனா' என்றது பூந்தமல்லியில் பல் கிளினிக் வைத்திருக்கும் லியாங் என்ற சீனரை. கிளினிக் பெருக்கிய அவள் அம்மா இறந்ததும் அவளை வளர்த்தவர் அவர்தான். அவருடைய மனைவி, கைக்குழந்தையோடு கோபித்துக்கொண்டு கல்கத்தா போனவள், திரும்பவே இல்லை. இப்போது லியாங்குக்கு வாதம். வாய் பேச வராது, தலையைக்கூட அசைக்க முடியாது. இந்த நேரம் பார்த்து ஹென்றி என்று ஒரு கல்கத்தாச் சீனன் மகனாக வந்து நிற்கிறான்.

"ஊடு, கிளினிக் எல்லாம் போனாப் போவுது சார். அவரு இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

"கிளினிக்கை யார் பார்த்துக்கொள்வது?"

"பாஸ்கரன். பல் செட்டு செய்யற மெக்கானிக். அவருக்குத்தான் அந்த ஹென்றி எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறானாம்."

ஹென்றி காட்டிய அத்தாட்சி ஒரு சின்ன வெள்ளிப் பூட்டு. சீனக் குழந்தைகளின் கழுத்தில் கட்டுவது. அதில் பிறந்த வருஷத்துக்கான இரண்டு சீன எழுத்துகள் இருந்தன.

மூவரும் பூந்தமல்லி போனார்கள். வீட்டின் முன்னறையில் இருந்த கிளினிக் சுவரில் பழைய துணிப்படம் ஒன்று தொங்கியது. அறுபது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து, கீழே ஆங்கில வருஷம்.

"நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது பெயர். இவர்கள் பத்துக் குறிகளையும் பன்னிரண்டு மிருகங்களையும் ஒன்றாகச் சுற்ற விடுகிறார்கள். பழைய ஜோடி திரும்பி வர அறுபது வருஷமாகும்" என்றார் உலகநாதன்.

துலுக்கானம் ஹென்றியிடம் வாங்கி வந்த பூட்டைப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். "1947, பன்றி வருசம். கொயந்த எப்போ பொறந்துச்சும்மா?"

"நாப்பத்தெட்டு, மார்ச் இருவது. வருசா வருசம் அன்னிக்கு நைனா கிளினிக்கைத் தொறக்கமாட்டாரு."

துலுக்கானத்தின் முகம் விழுந்தது. "மார்ச் இருவதுன்னா பங்குனி. சித்திரை பொறக்கலியே, அப்போ பயைய வருசந்தான் ஓடிக்கினு இருக்கும். கணக்கு கரீட்டா கீது சார். இவன் புள்ளதான்."

தாட்சாயிணி பெரியவர் இருந்த உள்ளறைப் பக்கம் திரும்பினாள். உலகநாதன் மட்டும் துலுக்கானத்தை வாஞ்சையோடு பார்த்தார். பிறகு பூட்டின் எழுத்துப் பள்ளத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைக் காட்டினார்.

"விபூதி சார். எங்கூட்லயும் வெள்ளிய அதாலதான் தேய்ப்பாங்கோ."

உலகநாதன் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பொடி அசையவே இல்லை, கல்லாக இறுகியிருந்தது. "எல்லோரையும் பெரியவர் அறைக்கு வரச் சொல்லுங்கள்" என்றார்.

பெரியவர் லியாங் சாய்வு நாற்காலியில் கிடந்தார். பாஸ்கரன் கதவருகே நின்றான். ஹென்றி பெட்டியைக் கட்டி முடித்திருந்தான்.

"ஹென்றி, கல்கத்தாவில் உங்கள் வருஷப் பிறப்பு எப்போது?"

"ஜனவரி கடைசி, இல்லேன்னா பிப்ரவரி" என்றான் அவன், தட்டுத் தடுமாறிய தமிழில். "பட்டாசு வெடிப்போம்."

"அப்படியென்றால் 1948 மார்ச்சில் புது வருஷம் பிறந்து நாளாகிவிட்டது. எலி வருஷம். உன் பூட்டில் பன்றி இருக்கிறதே?"

ஹென்றி பாஸ்கரனைத் திரும்பிப் பார்த்தான்.

"சீனத் தாய் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். துலுக்கானம் செய்வார், நானும் செய்திருப்பேன். சித்திரையில்தான் வருஷம் பிறக்கும் என்று ரத்தத்தில் ஊறிப்போன தமிழன் செய்த பூட்டு இது. அவனுக்குக் கிளினிக் சுவரில் இருக்கும் படமும் தெரியும், குழந்தை பிறந்த தேதியும் தெரியும். பள்ளத்தில் இருப்பது வார்ப்பு மாவு, பல் செட்டுக்கு அச்சு செய்வது, சூட்டில் கல்லாக இறுகிவிடும். இந்த வீட்டில் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறவர் யார், பாஸ்கரன்?"

பாஸ்கரன் பாய்ந்தான். துலுக்கானம் குறுக்கே நின்றார். "இன்னா மாமே, ஸ்டாப்பிங் வரல, அதுக்குள்ள எறங்கற?"

ஹென்றி உடைந்துபோனான். கல்கத்தாவில் ஏதோ ஒரு முதியோர் விடுதியில் பெரியவரை விட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் பாஸ்கரன் தன்னை அழைத்து வந்தான் என்று ஒப்புக்கொண்டான். பிறகு நாற்காலி அருகே மண்டியிட்டு, சீன மொழியில் ஏதோ சொன்னான். மன்னிப்பாக இருக்க வேண்டும்.

அதுவரை அசையாமல் கிடந்த பெரியவரின் வலது கை மெல்ல ஊர்ந்து வந்து ஹென்றியின் மணிக்கட்டைப் பற்றியது. அவன் நிறுத்தியதும் பிடி இறுகியது. மறுபடி பேசினான், இளகியது. மனைவி போனபின் அந்த வீட்டில் அவர் பாஷையைப் பேச யாருமே இருக்கவில்லை.

தாட்சாயிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. துலுக்கானம் போலீசுக்குப் போன் செய்யப் போனார்.

"சார், பாஸ்கரன இட்டுக்கினு போவட்டும்" என்றாள் அவள். ஒரு முக்காலியை இழுத்து ஹென்றி பக்கத்தில் போட்டாள்.

"நீ ஒக்காரு. போலீஸ் வர வரைக்கும் அவரோட பேசு. நிறுத்தாத."