யாரும் ஜெயிக்காத வரை

காலை ஐந்தேகாலுக்கு நறுமுகையின் குரல் வரும். மாசிலாமணி பல் துலக்கிவிட்டுச் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்வார். தமயந்தி காப்பியை வைத்துவிட்டுச் சுவர்த்திரையைத் தொடுவாள். மூன்று நிமிடப் பதிவுதான். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் மகள் முந்தைய இரவில் நடந்ததையெல்லாம் சொல்வாள். இவர்கள் கேட்கும் நேரத்தில் அவள் தூங்கியிருப்பாள். இவர்கள் பதிலைப் பேசி அனுப்பினால் அதை மாலை ஏழு மணிக்கு எழுந்து கேட்பாள். அப்போது இவர்கள் வீட்டில் மின்சாரம் அடங்கியிருக்கும்.

நான்கு வருடமாக இதுதான் நடைமுறை. அன்றைய பதிவு மட்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“அப்பா, சனிக்கிழமை ஆட்டத்துக்கு உங்க பேருக்கு இரட்டைச் சீட்டு விழுந்திருக்காம். எனக்கும் தகவல் வந்துச்சு. கண்டிப்பா வரேன். உங்ககிட்ட ஒண்ணு நேர்ல சொல்லணும். சாப்பிட்டுட்டு வேலைக்குக் கிளம்புங்க.”

மாசிலாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்லப் போறா?”

“நேர்ல சொல்றேன்னு சொல்றா இல்ல, போய்க் கேளுங்க” என்றாள் தமயந்தி.

ஏரிக்கரையில் இருந்த போர்ட் ஹேல்டன் நகரத்தில் வெயில் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிரூட்ட மின்சாரம் போதாமல் ஆனது. அதனால் நகரத்தை நேரத்தால் இரண்டாக வகுத்தார்கள். பகற்பாதியார் விடியலிலிருந்து மாலை ஆறு வரை நடமாடலாம். இராப்பாதியார் ஏழு மணிக்குமேல். நடுவில் ஒரு மணி நேரம் தெருவில் ஒருவரும் இருக்கக் கூடாது. ஒரு பாதி விழித்திருக்கும்போது மற்றப் பாதியின் வீடுகளில் விளக்கும் இணையமும் சேர்ந்தே உறங்கும். பதினெட்டு வயதுவரை பிள்ளைகள் பெற்றோரின் பாதி. பதினெட்டு முடிந்த அன்று குலுக்கல். நறுமுகைக்கு இரவு விழுந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நகர மையத்தில் இருந்த பேஸ்பால் அரங்கம் தன் கூரையிலேயே மின்சாரம் எடுத்துச் சேமித்துக்கொண்டது. சட்டம் எழுதப்பட்ட நாளில் அணியின் சொந்தக்காரர்கள் மன்றாடி அதில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள்: ‘தொடங்கிய ஆட்டம் முடியும்வரை அரங்கில் இருப்பவர் எந்தப் பாதியையும் சேர்ந்தவர் அல்லர்.’ நான்கரை மணிக்குப் பகற்பாதியாரை வைத்து ஆட்டம் தொடங்கும். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் மேற்கு வாசல் திறந்து இராப்பாதியார் உள்ளே வருவார்கள். அதன்பின் ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு நேரம் கூடல். குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு இரட்டைச் சீட்டு, பகலில் ஒருவருக்கும் இரவில் ஒருவருக்கும். போன வருடம் தமயந்தியின் முறை. அவளுக்கு இருபத்தாறு நிமிடம்தான் வாய்த்தது.

அன்று மாலை இருவரும் மேசையில் வழித்துணைச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். மாசிலாமணி லிப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் வரைபடம் போட்டால்தான் அவருக்கு நம்பிக்கை.

“மூணாவது பேஸ் பக்கம் இடம் எடுங்க. அங்கதான் நிழல் சீக்கிரம் விழும்” என்றாள் தமயந்தி. “பை கண்ணாடி மாதிரி இருக்கணும். துணிப்பை கொண்டுபோய் நான் வாசல்ல எட்டு நிமிஷம் நின்னேன். மூணரைக்கு ட்ராம் பிடிச்சிருங்க, நாலு மணி வண்டியில கால் வைக்க முடியாது.”

செயலி இரண்டு அணிகளின் பந்துவீச்சாளர்களையும் ஆராய்ந்து ஒரு எண்ணைச் சொன்னது. எதிர்பார்க்கும் கூடல் நேரம், நாற்பத்தொரு நிமிடம். மாசிலாமணி அதைத் தாளில் பிரித்து எழுதினார். நலம் விசாரிக்க எட்டு நிமிடம். அவள் சொல்ல வந்ததற்குப் பத்து. மிச்சம் முழுவதும் மாறாள் ஒப்பந்தத்துக்கு.

மாறாள் என்பவர் பாதி மாறிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆள். பகலிலிருந்து ஒருவர் இரவுக்குப் போனால்தான் இரவிலிருந்து ஒருவர் பகலுக்கு வரமுடியும். பகலை விட்டுப் போக எவரும் முன்வருவதில்லை. மூன்று வருடம் தேடியபின், மாசிலாமணியோடு வேலை பார்க்கும் ஹெர்னான் ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்குத் தோலில் வெயில் ஒவ்வாமை. இனி மகள் அரங்கத்தில் தந்தைக்கு முன்னால் ஒப்புதல் பலகையில் விரல் வைக்கவேண்டும். ஆட்டம் முடிவதற்குள் வைக்காவிட்டால் மனு காலாவதி ஆகிவிடும்.

“போன வருஷம் அழுதே பாதி நேரத்தப் போக்கிட்டேன்” என்று தமயந்தி சொன்னாள். “நீங்க கோபப்பட்டுப் போக்கிடாதீங்க.”

சனிக்கிழமை எல்லாம் வரைபடப்படியே நடந்தது. ட்ராம், கண்ணாடிப் பை, வாசல், பதினெட்டாவது வரிசை. நாற்பதாயிரம் இருக்கைகளில் ஒன்றுவிட்டு ஒன்று காலி. முன்வரிசையில் ஒரு வயதான சீனப் பெண் பக்கத்துக் காலி நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் உள்ளூர் அணியான நாரைகள் அடிப்பதும் ஓடுவதுமாக இருந்தார்கள். ஆனால் பார்வையாளர்களின் கண் மேற்கு வாசலை விட்டு நகரவில்லை.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது அந்த விளையாட்டின் பழைய வழக்கம். முன்பெல்லாம் கால் நீட்டிக்கொள்ள நிற்பார்களாம். இப்போது வாசலைப் பார்க்க நிற்கிறார்கள். கதவு திறந்தது. இராப்பாதியார் ஓடிவந்தார்கள். வெளிச்சம் பழகாத கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, இருக்கை எண்களைத் தேடிக்கொண்டு வரும் கூட்டத்தில் நறுமுகையை அவர் உடனே அடையாளம் கண்டார். தோள் அகன்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னப்பா, இப்படி இளைச்சிட்டீங்க!”

“நீதான் பாப்பா வெளுத்துப்போயிட்ட.”

அவளுடைய கையைப் பிடித்து உட்காரவைத்தார். எட்டு நிமிடம் விசாரிக்கவேண்டும் என்று எழுதியிருந்தவர், இரண்டாவது நிமிடத்திலேயே ஒப்புதல் பலகையை எடுத்துவிட்டார். ஹெர்னானைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னார். “விரல மட்டும் வை. அடுத்த மாசம் நீ வீட்ல இருப்ப.”

நறுமுகை பலகையைப் பார்த்தாள். தொடவில்லை.

“நான் சொல்ல வந்தத மொதல்ல கேக்கறீங்களா?”

“சொல்லு, சொல்லு.”

“நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேம்பா. அவரும் ராப்பாதி. எனக்கு மாற வேண்டாம்.”

மாசிலாமணிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், “மூணு வருஷம் அலஞ்சேன்” என்றார். “உங்கம்மா தினமும் உன் பதிவ ரெண்டு தடவ பாக்கறா. உனக்கு வெயிலே வேண்டாமா? எங்க முகமே வேண்டாமா?”

“வேணும்பா. வெயிலும் வேணும், நீங்களும் வேணும். ஆனா நான் அங்க ஜெயில்ல இல்ல. ராத்திரிதான் ஏரி குளுந்திருக்கும். பதினாலு குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லித் தரேன். மல்லாந்து மிதக்கக் கத்துக்கும்போது நட்சத்திரத்த எண்ணுதுங்க. பயம் தெரியாது. அதெல்லாம் என் வாழ்க்கை. அதக் கழட்டி வச்சிட்டு வான்னு சொல்றீங்க.”

“குழந்த பொறந்தா அதுவும் ராப்பாதி.”

“ஆமா.”

“நாங்க பாக்கவே முடியாது.”

“இங்க பாக்கலாம்.”

“வருஷத்துக்கு நாப்பது நிமிஷம்!” என்று குரலை உயர்த்திவிட்டு அவர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பலகை மடியில் கிடந்தது. எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பதாவது தொடங்கியது. தமயந்தி எச்சரித்தது நினைவுக்கு வந்தது. வந்தும் வாய் திறக்கவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருக்கும் இரைச்சலில் இவர்கள் இருவர் மட்டும் ஊமையாக இருந்தார்கள்.

நாரைகள் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னொருவர் இழந்தால் எல்லாம் முடிந்தது. பேச்சு மெல்ல அடங்கியது. மக்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மாசிலாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் திறந்து முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அதில் பதினாறு நிமிடத்தை அவர் முறைத்தே கழித்திருந்தார்.

அடிப்பவர் மட்டையை வீசினார். பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே தரையோடு பாய்ந்தது. மூன்றாவது பேஸில் நின்றவர் தலைதெறிக்க ஓடிவந்து, தொட்டால் ரன் தரும் வெள்ளைத் தகட்டில் சறுக்கி விழுந்தார். சமநிலை!

அரங்கம் அதிர்ந்தது. சீனப் பெண் தன் மகன் தோளில் முகம் புதைத்து அழுதார். முன்பின் தெரியாதவர் ஒருவர் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டார். அவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். பேஸ்பாலில் கடிகாரம் கிடையாது, சமநிலையில் ஆட்டம் முடிவதும் கிடையாது. ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடியே தீரவேண்டும்.

உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பலகையைக் கண்ணாடிப் பைக்குள் போட்டு மூடினார்.

“அந்தப் பையன் பேரென்ன?”

நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். “எமேக்கா.”

“என்ன பண்றான்?”

“ட்ராம் தண்டவாளம் பழுது பாக்கறாரு. நீங்க இன்னிக்கு வந்த தண்டவாளம் போன வாரம் அவரு பார்த்ததுதான்.”

“அப்ப தொழில் தெரிஞ்சவன்” என்றார் மாசிலாமணி. அவள் சிரித்துவிட்டாள்.

பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது இன்னிங்ஸ். இந்த நேரத்துக்கு அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. எமேக்கா மீன் சாப்பிடமாட்டான் என்பதையும், அவன் தாய் சண்டைக்காரி என்பதையும், நறுமுகைக்கு இடது முட்டி வலிப்பதையும் கேட்டுக்கொண்டார். தமயந்தி குறட்டை விடத் தொடங்கியிருப்பதைச் சொன்னார். ஒருமுறை இருவரும் பேசாமல் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நன்றாகவே இருந்தது. மைதானத்தில் பந்து உயரப் போகும்போதெல்லாம் நாற்பதாயிரம் பேரும் அது பிடிபடவேண்டும் என்று வேண்டினார்கள். எந்த அணியின் பந்து என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் அவர் சொன்னார்: “அடுத்த வருஷம் அம்மா முறை. அப்ப நீ வா. அதுக்கடுத்த வருஷம் என் முறை வரும்போது நீ வராத. அவன அனுப்பு.”

“எமேக்காவயா?”

“என் பொண்ணு யார் கூட இருக்கான்னு நான் பாக்க வேண்டாமா? பதிவுல பாத்தா ஆளு தெரியாது. பக்கத்துல உக்காரணும்.”

நறுமுகை விரல் விட்டு எண்ணினாள். அவளுடைய முகம் மாறியது. “அப்பா, அப்ப உங்கள நான் திரும்பப் பாக்க நாலு வருஷம் ஆகும்.”

“தெரியும்.”

“யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டுத்தான் சொல்றேன், பாப்பா.”

அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோது மட்டையில் பந்து பட்ட ஓசை கேட்டது. பழகாத காதுக்கும் அது வேறு மாதிரி ஓசை என்று தெரிந்தது. பந்து அந்தியின் செம்மைக்குள் ஏறியது. பிடிக்க ஓடியவர் சுவரில் முதுகை முட்டிக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தார். அது அவர் தலைக்கு மேலே போய்ச் சுவருக்கு வெளியே விழுந்தது. நாரைகளுக்கு வெற்றி உறுதி; அடித்தவர் பேஸ்களைச் சுற்றிவந்து வெள்ளைத் தகட்டைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும்.

ஒருவரும் கைதட்டவில்லை. அடித்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு பேஸ்களைச் சுற்றி, முடிந்தவரை மெதுவாக நடந்தான். வெள்ளைத் தகட்டுக்கு முன்னால் குனிந்து, கட்டியிருந்த காலணி நாடாவை அவிழ்த்து மீண்டும் கட்டினான். நடுவர் அவனை அவசரப்படுத்தவில்லை. நாற்பதாயிரம் பேர் அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு அவன் எழுந்து தகட்டில் கால் வைத்தான்.