குமட்டுவளையம்

சம்சுதீன் தேநீர்க் கடைக்கு இரண்டு சன்னல்கள். மேற்குச் சன்னல் கடலில் பட்டம் கட்டி ஓடுகிற பட்டக்காரர்களுக்கு, கிழக்குச் சன்னல் பாய் கட்டி ஓடுகிற பாய்க்காரர்களுக்கு. தேயிலை ஒன்றுதான், பால் ஒன்றுதான், கொதிக்கிற சட்டியும் ஒன்றுதான். தம்ளர்கள் மட்டும் இரண்டு வாளிகளில் தனித்தனியாக ஊறின.

ரெமிஜியுஸ் கிழக்குச் சன்னலில் நின்று தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"சம்சு அண்ணே, இது அவுக தம்ளரு மாதிரில்ல இருக்கு?"

"அவுகளுதுல பச்சைக்கோடு இருக்கும். இதுல நீலக்கோடு. கண்ண நல்லாத் தொறந்து பாரு."

"நீலம் வெளுத்துப் பச்சையாத் தெரியுதே."

"வெயில்ல எனக்குக் கண்ணே வெளுத்துப்போச்சு. குடிப்பா, ஆறுது."

ஒரு மிடறு குடித்தான். இந்த விளிம்பில் ஒரு பட்டக்காரனின் உதடு, அதிலிருந்த எச்சில், அந்த எச்சிலில் காலையில் தின்ற இட்லித் துணுக்கு என்று நினைப்பு வரிசையாக வந்தது. மிச்சத்தை மணலில் கவிழ்த்தான். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேருடைய மிச்சம் ஈ மொய்த்துக் கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பெண்டாட்டி அஞ்சலின் ஒரு பட்டக்காரி.

பாம்பனுக்குத் தெற்கே சங்குமுனைக் கடலில் முன்பெல்லாம் நாள் தவறாமல் யாருக்காவது தையல் போடவேண்டியிருக்கும். பட்டப்பலகைக்காரர்கள் ஒரு பெரிய பட்டத்தை வானத்தில் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று வழுக்கிப் போவார்கள். பட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவே தென்னைமர உயரத்துக்குக் கயிறு. வேகத்தில் பட்டால் கறிக்கத்திதான். பாய்ப்பலகைக்காரர்களுக்குப் பலகையிலேயே கம்பம், கம்பத்தில் பாய். அந்தக் கயிறும் இந்தக் கம்பமும் சந்தித்தால் நடுவில் இருக்கும் மனிதன் வெறும் இடையூறு.

விதிகள் இல்லாமலா? கரையில் பலகையே வைத்திருந்தது. வலக்கை முன்னால் பிடித்து வருகிறவருக்கு வழி விடு. குறுக்கே கடக்கையில் காற்று வரும் பக்கம் இருக்கிற பட்டக்காரர் பட்டத்தை உயர்த்த வேண்டும், அந்தப்பக்கம் இருக்கிறவர் தாழ்த்த வேண்டும். கரையிலிருந்து கிளம்புகிறவருக்கு முதல் வழி. எல்லோருக்கும் மனப்பாடம். விலகவேண்டியவன் எப்போதும் எதிரே வருகிறவன்தான் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ரெமிஜியுசும் அஞ்சலினும் அறிமுகமானதே அப்படித்தான். அவளுடைய கயிறு அவன் கம்பத்தில் சுற்றிக்கொண்டது. இருவரும் தண்ணீரில் மிதந்தபடி ஒருவருக்கொருவர் விதியை ஒப்பித்துக் கத்தினார்கள். வலக்கை யாருக்கு முன்னால் இருந்தது என்பதில் உடன்பாடு வரவில்லை. கரையேறியும் வரவில்லை. சண்டையை முடிக்க நேரம் போதாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

பிறகு 'இடைவெளி' நிறுவனம் வந்தது.

முதலில் அச்சத்தை முயன்றார்கள். கிட்டே போனால் இடுப்பில் சுரீரென்று மின்னதிர்ச்சி. காசு கொடுத்து அச்சத்தைத் தேடிக் கடலுக்கு வருகிறவர்களை அது என்ன செய்யும்? ஒருவன் கரையேறி வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றிவைக்க முடியுமா என்று கேட்டான். அடுத்து நாற்றம். நெருங்கினால் மூக்குக்குக் கீழே கருவாட்டு மணம் பீய்ச்சும் குழாய். கடலே பார்க்காத ஊரில் உட்கார்ந்து யாரோ எடுத்த முடிவு அது. பாம்பன் ஆட்கள் பசியெடுத்து ஒருவரையொருவர் தேடிப்போனதில் மோதல் இரட்டிப்பானது.

மூன்றாவதாக வந்ததுதான் 'நற்றொலைவி'. நிறுவனம் வைத்த பெயர் அது. ஊர் வைத்த பெயர் குமட்டுவளையம். கழுத்தில் மாட்டிப் பூட்டிவிட்டால் காற்றுப் பருவம் முடியும்வரை கழலாது. எதிர்வகை வளையம் பக்கத்தில் வந்தால், கழுத்து வழியாக வயிற்றுக்கு இறங்குகிற நரம்பை மெதுவாகச் சீண்டும். மீதியை மூளை பார்த்துக்கொள்ளும். அவரவர் சாக்கடையை அவரவரே திறந்துகொள்வார்கள். ரெமிஜியுசுக்கு, சிறுவயதில் பேருந்தில் முன்சீட்டுக்காரர் வாந்தியெடுத்த பையை வெதுவெதுப்போடு அவன் மடியில் வைத்துவிட்டு இறங்கிப்போனது வரும். அஞ்சலினுக்கு, சோப்பில் சுற்றிய அடுத்தவர் முடி பல்லிடுக்கில் மாட்டினாற்போல இருக்கும்.

வளையத்தில் விளக்கு இல்லை, ஓசை இல்லை. "வயித்துல மட்டும் தெரியுமுங்" என்று பெருமையாகச் சொன்னான் சிபி. பொள்ளாச்சிக்காரன், நிறுவனத்தின் கரை அலுவலகத்தில் அவன்தான் பொறியாளன், வளையத்தின் சாவியும் அவனிடம்தான்.

மோதல் நின்றது. அச்சத்தை ரசிக்கலாம், வலியை ரசிக்கலாம். குமட்டலை ரசித்தவன் எவனும் இல்லை. மோதாத கடலுக்கு மீட்புப் படகு எதற்கென்று அதைக் கரையேற்றினார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்துப் புழுக்கை போட்டன.

கரையில் வளையம் தூங்கிவிடும் என்பது நிறுவனத்தின் வாக்கு. ஆனால் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. தூக்கத்திலும் லேசாக வேலை செய்கிறது போல என்றார்கள். கடைக்கு இரண்டாவது சன்னல் வந்தது. குளிக்கும் குழாய்க்கு நடுவே தட்டி வந்தது. பட்டக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சை மறுநாள் பாய்க்காரர்கள் கழுவினார்கள். அதற்கு மறுநாள் கழுவியும் உட்காரவில்லை.

ரெமிஜியுஸ் வீட்டில் அன்பு குறைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிட்டே வர முடியவில்லை, அவ்வளவுதான். அவன் கூடத்தில் படுத்தான், அவள் உள்ளறையில். அவளுடைய ஈர உடுப்பு கொடியில் சொட்டினால் அவன் சோற்றை மூடிவைத்தான். அவனுடைய துண்டை அவள் குச்சியால் எடுத்தாள்.

"எல்லாம் இந்த வளையத்தால வந்த வினை" என்பான் அவன்.

"பின்ன? வளையம் இல்லாட்டி நமக்குள்ள என்ன இருக்கு?" என்பாள் அவள்.

இருவரும் வாசலுக்கு ஒருவர், கொல்லைக்கு ஒருவராக நின்று பருவம் முடியக் காத்திருந்தார்கள். முடிந்தது. நிறுவனம் சிபியை வைத்துப் பூட்டைப் புதுப்பித்தது. அடுத்த பருவம் வந்தது.

அன்று மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையிலிருந்தே பேய் பிடித்து வீசியது. விரிகுடா நடுவே பாயை இழுத்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்த ரெமிஜியுஸ், முனைப்பக்கம் ஓர் ஆரஞ்சுப் பட்டம் தண்ணீரில் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டான். காற்று அதைத் தூக்கும், அது ஆளைக் கொஞ்ச தூரம் இழுக்கும், மறுபடி விழும். இழுத்துப்போன திசையில் பவளப்பாறை. அலை அதன்மேல் உடைந்து வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தது.

ஆரஞ்சுப் பட்டம் சங்குமுனையில் ஒன்றுதான். அஞ்சலினுடையது.

மற்றப் பட்டக்காரர்கள் காற்றுக்குப் பயந்து முன்பே கரையேறியிருந்தார்கள். மேற்குக் கரையில் நின்று கையை ஆட்டினார்கள். மீட்புப் படகைத் தள்ள நாலு பேர் ஓடினார்கள், ஆடுகள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வந்த பாய்க்காரன் தொபியாஸ் கத்தினான்:

"டேய் ரெமி, கிட்டப் போகாதடா! தாங்காது! கொடல் வெளிய வந்துரும்!"

"எம் பொண்டாட்டிடா!"

"தெரியும்டா! அதுக்குன்னு?"

ரெமிஜியுஸ் பாயைத் திருப்பினான். அவள் முகம் தெரியுமுன்பே வயிறு புரண்டது. அந்தப் பேருந்து, அந்தப் பை, அந்த வெதுவெதுப்பு. இன்னும் கிட்டே போனான். பை திறந்துகொண்டது. காலையில் குடித்த ஒரு மிடறு தேநீரும் வெளியே வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லாததால் பித்தம் வந்தது. அவளுடைய நனைந்த கூந்தல் தண்ணீரில் விரிந்து மிதந்தபோது, அதைத் தொடவேண்டுமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பலகையோடு திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்தது கை, அது தானாகவே பாயைத் தளர்த்தியும் விட்டது. அவன் அந்தக் கையைத் திட்டி மறுபடி இழுத்தான்.

கயிறு அவள் கெண்டைக்காலில் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரில் சிவப்பு.

"யாரு... நீங்களா?" என்றாள் மூச்சு வாங்க. "வேற ஆளே கெடைக்கலயா?"

"வாய மூடிக்கிட்டுக் கையக் குடு புள்ள."

"கையக் குடுத்தா வாந்தி வருது."

"எடு. கடல் பெருசு."

எடுத்தாள். அவன் பலகைமேலேயே எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புக் கத்தியால் கயிற்றைத் தடவித் தடவி அறுத்தான். பட்டம் பறந்துபோய்ப் பாறையில் கிழிந்தது. அவளைச் சட்டைப் பிடரியில், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால்தான் பற்றினான். பாரம் தாங்காமல் பிறகு முழுக் கையும் தேவைப்பட்டது. பலகையின் பின்பாகத்தில் குப்புறக் கிடத்திக் கரையை நோக்கித் திரும்பினான். வழிநெடுக அவன் இந்தப்பக்கமும் அவள் அந்தப்பக்கமும் ஓங்கரித்துக்கொண்டே வந்தார்கள்.

"காலு மேல காலு படுது" என்றாள்.

"எங்க வைக்க? தலையிலயா?"

"இப்ப வலக்கை ஒங்களுக்கு முன்னால இருக்கு. அன்னைக்கு இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னொரு முறை பித்தம் வந்தது.

கரையில் ஊரே கைதட்டியது, இரண்டு கூட்டமாக. வளையத்தை மீறிப் போன முதல் மனிதன் என்று ஆளுக்கொரு பக்கம் நின்று புகழ்ந்தார்கள். யாரும் கிட்டே வந்து கைகொடுக்கவில்லை. இருவர் மேலும் வாந்தி இருந்தது என்பது காரணம்.

மறுநாள் சிபி கூப்பிட்டனுப்பினான். உச்சக் குமட்டலில் ஒரு மனித உடம்பு எவ்வளவு தாங்கியது என்று வளையத்திலிருந்து படிக்கவேண்டுமாம். தலைமையகத்தில் ஆவலாக இருக்கிறார்களாம். சாவி போட்டு வளையத்தைக் கழற்றி, மூடியைத் திறந்தான். உள்ளே உப்புப் பூத்து, கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு. ஒரு சிறு நண்டு செத்துக் காய்ந்திருந்தது.

சிபி நண்டை நிமிண்டியெடுத்து மேசைமேல் வைத்தான்.

"ஏனுங்ணா, இது நேத்து வேலை செஞ்சுதுங்களா?"

"செஞ்சுதாவா? ஈரல் வெளிய வந்துச்சு தம்பி."

"இது போன பருவத்துலயே செத்துப்போச்சுங்."

"அப்ப நேத்து நான் எடுத்த வாந்தி?"

சிபி யோசித்தான். "அது உங்க சொந்த உழைப்புங்ணா."

ரெமிஜியுஸ் மேசைமேல் கிடந்த நண்டையே பார்த்தான். சிபியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "பாத்தீங்களா, ஒரு பருவம் மாட்டுனாலே போதுமுங்! அப்புறம் உள்ள ஒண்ணுமே வைக்க வேண்டியதில்லீங். வெறும் வளையம் போதும். இதை நான் உடனே மேல சொல்லோணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "போன வாரமும் இப்படி ஒரு செத்த வளையம் வந்துதுங். லூசா ஆடுதுன்னு வந்தவங்களுது. பேரு சொல்லக்கூடாது. தெரிஞ்சதும் அவங்க முகம் பாக்கணுமே! ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்க, திரும்ப மாட்டிவிட்ருங்கன்னுட்டாங்." சாவியைக் காட்டினான். "உங்களுக்கு இனி இது தேவையில்லீங்ணா. இப்படியே போறீங்களா?"

வெறுங்கழுத்தோடு வீட்டுக்குள் நுழைவதை ரெமிஜியுஸ் நினைத்துப் பார்த்தான். அவள் கிட்டே வருவாள். அவன் முகம் சுளிக்கும். எதனால் என்று அவள் கேட்பாள்.

"மாட்டிவிடுங்க" என்றான்.

அஞ்சலின் காலில் கட்டோடு உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். எப்போதையும்விட ஒரு முழம் கிட்டே நாற்காலியைப் போட்டிருந்தாள்.

"என்ன சொன்னான் அந்தப் பய? நேத்து ஒங்க வளையம் எம்புட்டு வேலை பாத்துச்சாம்?"

"உச்சத்துல இருந்துச்சாம்."

அவள் கண் கலங்கியது. "அதையும் மீறி வந்தீகளே."

"பின்ன? வளையம் மட்டும் இல்லன்னா அப்பிடியே தூக்கிக் கட்டிப்பிடிச்சிருப்பேன்."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். போன வாரம் இறுக்கி மாட்டிவந்த கழுத்து வளையத்தைத் திருகிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக் கேட்டாள்: "அப்ப என்னோடதையும் ஒரு தடவ தொறந்து பாக்கச் சொல்லணுமோ?"

"வேணாம்" என்றான் அவன், கொஞ்சம் சத்தமாகவே. "நல்லா வேலை செய்யிறத எதுக்குத் தொறக்கணும்?"

"ஆமா, எதுக்கு?" என்றாள் அஞ்சலின்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன ஒன்றை அவள் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.