கொடியில் கிடந்த சட்டை

காலையில் துணி எடுக்கப் போன நாத்தனார், செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலில் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய கட்டம் போட்ட, தடித்த ஆம்பளைச் சட்டை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் தம்பியின் முதுகில் வைத்து அளந்தும் பார்த்தாள். தோள் இரண்டும் தொங்கின.

“இந்த வீட்டுல ஆம்பளைன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இது யாரோடது?”

கேள்வி தம்பி மனைவியிடம். கண் மட்டும் அவள் மகளின் அறைக் கதவின்மேல். போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்து ஒரு மாதமே ஆன அந்தப் பெண், மூன்று நாள் வேலை என்று விடியும் முன்பே வெளியூர் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தால் மகளை இனி வாசல் தாண்ட விடமாட்டார்கள் என்பது பெற்றவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

அதைவிட மோசம், சட்டையே அவளிடம் பேசியது. பதினாறு வருடமாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். காலர் தேய்ந்திருக்கிறது, நாற்பது வயதாவது இருக்கும். கைப்பட்டையில் சிகரெட் சுட்ட ஓட்டை. கறுப்புப் பொத்தானை வெள்ளை நூலால் தைத்திருக்கிறான், வீட்டில் கவனிக்க ஆளில்லாதவன். அடிப்பாவி மகளே, இப்படி ஒருத்தனையா...

“சலவைக்கூடத்துத் துணி, அண்ணி. என் பையில கலந்து வந்திருக்கும்.”

நாத்தனார் விடுவாளா? அங்கே எல்லாத் துணியிலும் நம்பர் குத்தியிருக்கும் என்று நீதானே சொல்லுவாய், இதில் எங்கே என்று காலரைப் புரட்டிக் காட்டினாள். பொய் சொல்லிப் பழகாதவளுக்கு இரண்டாவது பொய் வாயில் வரவில்லை; பழி மகள்மேல் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

“என்னோடதுன்னே வச்சுக்கங்க. விட்டுடுங்க.”

கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மூன்று நாள் அவர் அவளிடம் பேசவில்லை. அக்கா பரிமாறினால்தான் சாப்பிட்டார். அவள் வேலைக்குக் கிளம்பினால் நாத்தனார் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். திரும்பி வந்தால் பையை உதறிப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டுக்கு உழைத்ததற்கு ஒரு சட்டை போதுமாக இருந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. தெருவில் அகலமான தோளோடு எவன் போனாலும், இவனாக இருக்குமோ என்று உற்றுப் பார்த்தாள். மகளுக்கு மட்டும் போன் செய்யவில்லை.

நான்காம் நாள் காலையில் மகள் வந்து நின்றாள். முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், தொடைவரை தொங்கும் ஓட்டை ஸ்வெட்டர், சுரங்கத் தொழிலாளி போடுவது மாதிரி கனத்த பூட்ஸ்.

“என்னடி கோலம் இது? யாராவது அடிச்சுப் போட்டுட்டாங்களா?” என்றாள் நாத்தனார்.

இதற்குப் பெயர் கிரஞ்ச், கிழிந்த பழைய துணியைப் போட்டுக்கொள்வதுதான் இதில் ஃபேஷன், இத்தனை நாள் அத்தைக்குப் பயந்து ஸ்டுடியோவில் போய் மாற்றிக்கொண்டேன் என்றாள் மகள். பிறகு கொடியில் போட்ட சட்டையைக் கேட்டாள். பழைய துணிக்கடையில், அந்த ஓட்டைக்காகவே தேடி எடுத்ததாம். ஏன் யாரும் பேசவில்லை என்று புரியாமல் விசாரித்து, விஷயம் தெரிந்ததும் பையைக் கவிழ்த்தாள். அதே மாதிரி இன்னும் நாலு விழுந்தன.

“சட்டைக்கு ஒரு ஆள்னா எனக்கு அஞ்சு பேர், அத்தை.”

நாத்தனார் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். கணவர்தான் தலை நிமிராமல் மனைவியிடம் கேட்டார், பிறகு ஏன் உன்னுடையது என்று சொன்னாய் என்று.

“மூணு நாளா அதை ஏங்க கேக்கல?”

“ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்.”

அவளால் கோபப்பட முடியவில்லை. மகளுக்குப் போன் செய்யாததும் அதே பயத்தால்தான். மூன்று நாளாக அம்மா ஒரு போன்கூடச் செய்யாததை நினைத்துப் பார்த்த மகளுக்கும் அது புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கியது.

“அப்போ... நீயும் என்னை நம்பலையாம்மா?”

நம்பினேன் என்று ஒரு வார்த்தை பொய் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

“நம்பலடி. நீ தப்புப் பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன். பண்ணியிருந்தாலும் நீ என் பொண்ணுதானே... உன்னை எப்படி விட்டுக்கொடுப்பேன்?”

மகள் அந்த ஓட்டை ஸ்வெட்டரோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக அழாதவளும் அப்போதுதான் அழுதாள்.