சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய பிளாப்பி

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் லினக்ஸுக்கு ஒரு வக்கீல் இருந்தாள். பெயர் ஃபஹ்மிதா. மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்தப் பள்ளிக்கு மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் முதலில் இருந்த சிஸ்டம், வைரஸ் வந்து வந்து படுத்துக்கொண்டது. லில்லி டீச்சர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தை ஏற்றிவிட்டார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே அதில் எல்லாம் படம் படமாக இருந்தன.

"ஒரு மாசம் பழகிப் பாருங்க. இது இருக்கட்டுமா, பழையதையே போடவான்னு அப்புறம் நீங்களே கை தூக்கிச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

ஃபஹ்மிதாவுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. "இதுல வைரஸ் தொல்லை கிடையாது. நகல் எடுத்து யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். உள்ள என்ன எழுதிருக்குன்னு திறந்துகூடப் பாக்கலாம்."

"திறந்து பாத்தா ஒனக்குப் புரியுமாட்டி?" என்று கேட்டாள் வடிவம்மாள். அவள்தான் எதிர்க்கட்சி வக்கீல்.

"இப்பப் புரியாது. பொறவு புரியும்."

"சீட்டு விளையாட்டு இல்ல. பிரிண்டர் வேலை செய்யல. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமால்லா வருது?"

"ஆனா பிளாப்பியில சேமிக்கத பாரு. பழசு கர்ர் கர்ர்னு அரைச்சுக்கிட்டே கெடக்கும். இது சத்தமே இல்லாம, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள முடிச்சிருது."

அந்தச் சத்தமில்லாத சேமிப்பில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த மாதம் பள்ளி ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வரையும் வேலை ஃபஹ்மிதாவின் தோழி கோமுவுக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரிலேயே வரைய வேண்டும். மவுஸைப் பிடித்து வரைவது, செங்கல்லைப் பிடித்துக் கோலம் போடுவது போல. ஆனாலும் கோமு வரைந்துவிட்டாள். தாமிரபரணியில் வெள்ளம், நடுவில் பாதி முங்கிய குறுக்குத்துறைக் கோயில், கோபுரத்தின் மேல் ஒரு காகம். டீச்சரே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்துப் பிரிண்டர்தான் லினக்ஸோடு பேச மாட்டேன் என்கிறதே. அதனால் படத்தை பிளாப்பியில் போட்டு வண்ணார்பேட்டை அச்சகத்தில் கொடுக்க ஏற்பாடு. கோமுவின் வீடு அந்தப் பக்கம்தான்.

சாயங்கால மணி அடித்தது. "தள்ளு, நான் சேமிக்கேன்" என்று ஃபஹ்மிதா உட்கார்ந்தாள். நேராக பிளாப்பியிலேயே சேமித்தாள்; கம்ப்யூட்டரில் வேறு நகல் இல்லை. திரையில் 'அன்மவுண்ட்' என்று ஏதோ ஒரு வார்த்தை இருந்தது. மவுண்ட் என்றால் மலை. பிளாப்பிக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்? டக்கென்று பிளாப்பியை உருவி கோமுவிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் கோமு அழுத கண்ணோடு வந்தாள். "அச்சகத்து அண்ணாச்சி போட்டுப் பாத்தாவ. உள்ள ஒண்ணுமே இல்லியாம்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஃபஹ்மிதா யோசிக்கவே இல்லை. "அத எதுல வச்சுக் கொண்டு போன?"

"பென்சில் டப்பாவுல."

"காந்தம் வச்ச டப்பாவுலயா? காந்தம் பட்டா பிளாப்பி அழியத்தான செய்யும். இதுகூடவா தெரியாது?"

அந்த டப்பா, ஃபஹ்மிதாவின் வாப்பா சவூதியில் தம்மாமிலிருந்து கொண்டுவந்தது. அவளே ஆசையாகக் கோமுவுக்குக் கொடுத்தது. கோமு அதைக் காலிசெய்து, ஃபஹ்மிதாவின் முன்னால் வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை மதியம் ஃபஹ்மிதா தனியாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். தானே அந்தப் படத்தை வரைந்து கோமுவைச் சமாதானம் செய்யலாம் என்று நினைப்பு. கோபுரம் பூசணிக்காய் போல வந்தது. சரி, இருக்கட்டும் என்று பிளாப்பியில் சேமித்தாள். வழக்கம்போல் சத்தமே இல்லை. அப்போது கை தவறி அந்த 'அன்மவுண்ட்' மேல் அமுக்கிவிட்டாள்.

பிளாப்பி போடும் இடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. கர்ர், கர்ர் என்று அரைத்தது.

இப்போதுதான் எழுதுகிறதா? அப்படியானால் அன்றைக்கு?

வேறு பெயரில் இன்னொரு முறை சேமித்தாள். அன்றைக்குப் போலவே டக்கென்று உருவினாள். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். புதிதாகச் சேமித்தது பிளாப்பியில் இல்லை.

காந்தமும் இல்லை, டப்பாவும் இல்லை. கோமுவின் படத்தைத் தொலைத்தது அவள்தான். முகம் காதுவரை சுட்டது. அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு முன்னால் தலைகுனிய வேண்டும். லினக்ஸும் தோற்றுப்போகும். வியாழக்கிழமை முழுக்க அவள் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. வாயாடி பேசாமல் இருப்பதைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டாள் வடிவம்மாள்.

வெள்ளிக்கிழமை, கை தூக்கும் நாள். "முதல்ல குறையெல்லாம் சொல்லுங்க" என்றார் லில்லி டீச்சர்.

"பிரிண்டர்." "தமிழ் எழுத்து." "சீட்டு விளையாட்டு." எல்லாரும் சிரித்தார்கள்.

"கோமு படம் காணாமப் போச்சே டீச்சர், அதையும் சேத்துக்கிடுங்க" என்றாள் வடிவம்மாள்.

கடைசி பெஞ்சில் கோமு எழுந்தாள். "அது சிஸ்டம் தப்பு இல்ல டீச்சர். என் தப்பு" என்றாள்.

ஃபஹ்மிதா கூனிக் குறுகிப்போனாள். தான் செய்ததற்கு அவள் பழி ஏற்கிறாள். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கோமு தப்பு இல்ல டீச்சர். நான்தான்." "நாம சேமிச்சதும் லினக்ஸ் உடனே எழுதாது. கையில வச்சிருக்கும். பிளாப்பிய எடுக்கதுக்கு முந்தி 'அன்மவுண்ட்' அமுக்கி அதுகிட்ட சொல்லிக்கிடணும். அப்பத்தான் எழுதி முடிச்சு அனுப்பும். நான் சொல்லாம கொள்ளாம உருவிட்டேன்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் டீச்சர்.

"புதன்கிழமையே தெரியும்."

எல்லாரும் கோமுவைப் பார்த்தார்கள்.

"அப்ப அது குறைதான?" என்றாள் வடிவம்மாள்.

"குறைதான்" என்றாள் ஃபஹ்மிதா. லினக்ஸைப் பற்றி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. "ஆனா என் குறை அதைவிடப் பெருசு."

டீச்சர் கை தூக்கச் சொன்னார். முதலில் எழுந்தது கோமுவின் கை. "சொல்லாம கொள்ளாமக் கெளம்பினா எங்கம்மாவும் விட மாட்டா. அதுல என்ன குறை?" என்றாள். சிரிப்புக்கு நடுவே ஒவ்வொரு கையாக எழுந்தது. லினக்ஸ் ஜெயித்தது. ஃபஹ்மிதா தலையை நிமிர்த்தவில்லை.

மணி அடித்ததும் கோமுவிடம் போனாள். "எம்மேல கோவமாட்டி?"

"இருக்கு" என்றாள் கோமு. "நாளைக்குக் காலைல அண்ணாச்சி படம் கேட்டிருக்காவ. மறுபடி வரையணும். நீயும் வா."

"எனக்கு வரைய வராதே."

"பிளாப்பியில அந்தப் பூசணிக்காயப் பாத்தேன். நீ வரைய வேண்டாம். விளக்கு அணைஞ்சிருச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

இந்தத் தடவை கோபுரத்தின் மேல் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. கோமு சேமித்தாள். 'அன்மவுண்ட்' மேல் அமுக்கினாள். விளக்கு எரிந்தது.

"எடுக்கவா?"

"பைய. பொறு."

"இப்ப?"

"பொறுட்டி."

விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகும் ஃபஹ்மிதா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான், "இப்ப எடு" என்றாள்.