பித்தளை தெரிந்தால் பொம்மை!

போன் அலறியது.

திரையில் 'நவோ' என்று மனைவியின் பெயர். ஒகிஷிமா சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"என்ன, பசிக்குதா? நூடுல்ஸ் கடைக்கு வர்றேன், இரு..."

"உன் பொண்டாட்டி சாப்பிடுற நிலைமைல இல்லய்யா!"

ஆண் குரல்!

"யா... யாரு நீ?"

"ஜன்னல் வழியா எதிர்க்கடையப் பாரு."

பார்த்தான்.

ஒகாச்சிமாச்சி ரயில் பாலத்தை ஒட்டிய சந்து அது. மாடியில் ஒகிஷிமாவின் துப்பாக்கிக் கடை. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் பொம்மைகள்தான் சரக்கு. எதிரே கீழ்த்தளத்தில் நவோ வேலை பார்க்கும் நகைக்கடை. திறந்த கதவுக்குள் நவோ நின்றாள். முகமூடிக்காரன் ஒருவன் அவள் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தான்.

அவள் காதில் ஒரு கறுப்புப் பிஸ்டல்!

"சந்து முனைல போலீஸ் நிக்குது. நான் தப்பிக்கணும். உன் கார எடுத்துட்டு வா. லேட் பண்ணே... இவ காலி!"

லைன் செத்தது.

கதவு படாரென்று திறந்தது. மூச்சு வாங்க உள்ளே வந்தவர் துணை ஆய்வாளர் ஷிராகி.

"ஒகிஷிமா சான்! பெரெட்டா பிஸ்டல் பொம்மைங்கள ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினது நீங்கதானே?"

"சார்... அங்க என் பொண்டாட்டி..."

"தெரியும்! அவன் கைல இருக்கறதும் பெரெட்டாதான். பொம்மையா, அசலா? பொம்மைன்னு சொல்லுங்க, என் ஆளுங்க இப்பவே பாஞ்சுடுவாங்க. அசல்னா... பாஞ்ச மறுநிமிஷம் அவங்க உயிரு..."

முடிக்காமல் பைனாகுலரை நீட்டினார்.

மேஜை மேல் இரண்டு பெரெட்டாக்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசல் ஒரே முகம். ஒகிஷிமா ஒன்றைத் தொட்டான்.

"இது ஹயாசே. நம்மூர்க் கம்பெனி. குறி தப்பாது. ஆனா உடம்பு பூரா பிளாஸ்டிக். அது தா-லுங். தைவான்காரன். குறி சுமார்தான். ஆனா மொத்தமும் இரும்பு. பாத்தா அசல், தூக்கினா அசல்!"

"இரும்புல கறுப்புப் பொம்மையா? அசல் மாதிரி இருக்கறத வச்சிருந்தாலே இந்த நாட்டுல ஜெயிலாச்சேய்யா!"

"அப்புறமா புடிச்சுட்டுப் போங்க சார்! இப்ப என் நவோவக் காப்பாத்துங்க!"

எதிர்க்கடையில் முகமூடிக்காரன் பொறுமை இழந்தான். பிஸ்டலின் முதுகால் கண்ணாடி மேஜையில் ஓங்கி ஒரு அடி.

க்ளங்!

மேஜை இரண்டாகப் பிளந்தது. நவோ வீறிட்டாள்.

"ஹயாசே இல்ல சார்... பிளாஸ்டிக் இப்படிச் சத்தம் போடாது."

"அப்போ தா-லுங்கா? இல்ல அசலா? சீக்கிரம் சொல்லுய்யா!"

"குழல் வாயப் பாக்கணும். தா-லுங்னா உள்ள ஒல்லியா ஒரு பித்தளைக் குழாய் தெரியும். அசல்ல அது கிடையாது."

"அந்த வாய்தான் உங்க மனைவி காதுல இருக்கே!"

"என் பக்கம் திருப்பினா?"

ஷிராகிக்குப் புரிவதற்குள் ஒகிஷிமா படியில் பாதி தூரம் போய்விட்டான். முதுகுப்புறம், இடுப்பில் ஹயாசே.

"யோவ்! நில்லுய்யா! பைத்தியமா உனக்கு?"

அவன் நிற்கவில்லை. கைகளை உயர்த்தியபடி சந்தைக் கடந்தான். பாலத்தின் மேல் ரயில் தடதடத்துப் போனது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நவோவின் முகத்தைப் பார்த்தான். கால் தானாக முன்னே போனது.

"கார் எங்கய்யா?"

"வ... வருது. அவள விட்டுடு. என்னைப் புடிச்சுக்கோ."

"கிட்ட வராத!"

பிஸ்டல் ஒகிஷிமாவின் பக்கம் திரும்பியது. அவன் கண்ணைச் சிமிட்டாமல் குழலுக்குள் பார்த்தான்.

பித்தளை இல்லை!

கறுப்பு ஓட்டை. உள்ளே முறுக்கிக்கொண்டு போகும் வரிகள்...

அசல்!

"ஏங்க... போயிடுங்க..." நவோவின் குரல் உடைந்தது.

"காரும் இல்ல, ஒண்ணும் இல்ல! என்னைக் கேணைன்னு நெனச்சியா? இப்பப் பாருடா!"

குழல் மறுபடி அவள் காதுக்குப் போனது. விரல் விசையில் வளைந்தது.

இனி யோசிக்க எதுவுமில்லை. ஒகிஷிமா ஹயாசேயை உருவினான்.

பட்!

பிளாஸ்டிக் குண்டு முகமூடிக்காரன் நெற்றி நடுவில் தெறித்தது. அடுத்த கணம்...

"ஹிட்!"

கத்தியது அவனேதான்!

நவோவை விட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான். சமர்த்தாகக் கடையைவிட்டு வெளியே நடந்தான். தான் என்ன செய்கிறோம் என்பது வாசல் தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் போலீஸ்காரர்கள் மொத்தமாக அவன் மேல் விழுந்துவிட்டார்கள்.

ஷிராகி வாயைப் பிளந்து நின்றார். "என்னய்யா இது மாயம்?"

"ஞாயித்துக்கிழமை ஏர்சாஃப்ட் சண்டை ஆடுறவன் சார் இவன்!" என்றான் ஒகிஷிமா. " இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. குண்டு பட்டவனே 'ஹிட்'னு கத்தி, கையத் தூக்கிட்டு வெளிய போகணும். பட்டும் கத்தாதவன ஒரு பயலும் சேத்துக்க மாட்டான். ஊறிப்போச்சு!"

"விடுங்க சார்!" தரையில் கிடந்தவன் அழுதான். "அது வெறும் பொம்மை! தா-லுங்!"

ஷிராகி அவன் பிஸ்டலின் மேகசினை உருவிக் காட்டினார். அசல் தோட்டாக்கள்!

அவன் முகம் வெளுத்தது.

"ஐயோ! தா-லுங்னுதான் பார்க்ல ஒருத்தன் வித்தான்... இரும்புப் பொம்மை, போலீஸ் பாத்தா வம்புன்னு சுத்தியிருந்த துணியக்கூடப் பிரிச்சுப் பாக்காம வாங்கிட்டேன். அசலுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாதுன்னு இவருதான் சார் எழுதினாரு! சும்மா மிரட்ட அந்தம்மா காதுல ஒரு பிளாஸ்டிக் குண்டு விடலாம்னு... அழுத்தவே போனேன்..."

ஒகிஷிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நவோ ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மாரில் குத்தினாள். ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க... அந்தக் கட்டுரைல மூணாவதா அசலையும் சேத்துடுங்க."

"எ... என்னன்னு எழுத?"

"எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு எழுதுங்க. குறை ஒண்ணே ஒண்ணுதான்... பட்டா, 'ஹிட்'னு கத்த ஆள் இருக்காது!"