அதோ இருக்கே லிஃப்ட்

வரவேற்பு மேசை அக்காவின் பொருள்களை எடுத்துப்போக அவளுடைய மகள் வந்தபோது பட்டப்பகல் இரண்டு மணி. நாலாவது மாடி அலுவலகத்தில் எல்லாருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவன் கட்டடப் படம் வரைகிறவன்தான். அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் ‘நக்கல்’. வாயைத் திறந்தால் யார் காலையாவது வாரிவிட்டுத்தான் மூடுவான்.

“அம்மா கடைசியா உங்ககிட்டதான் பேசினாங்களாமே, அண்ணா?”

பேசத்தான் பேசினாள். ஒன்பது நாளுக்கு முன்னால், கொட்டுகிற மழையில், கேட்கத் தயங்கித் தயங்கி.

“தம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு லிஃப்ட் குடுக்கிறியா?”

அவனுடையது புதுக் கார். இருக்கை உறை மாட்டி மூன்று நாள்கூட ஆகவில்லை. அவள் குடையோ சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டி, வாசலுக்கு வெளியே தெரிந்த மின்தூக்கியைக் காட்டினான்.

“அதோ இருக்கே லிஃப்ட்! எட்டுப் பேர் தாராளமா போலாம், அக்கா.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகம் சுண்டிப்போன அக்காவும் “ஹி... ஹி...” என்று சிரித்துவைத்தாள். அரை மணி நேரத்தில் சாலையில் ஒரு லாரி அவளை அடித்துப்போட்டது.

“நான் கொண்டுபோய் விடறேன்னுதாம்மா சொன்னேன். அவங்கதான் வேணாம்னுட்டாங்க.” வாய் கூசாமல் வந்தது பொய்.

“உங்களுக்கு நல்ல மனசுண்ணா,” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கூனிக் குறுகிப்போனான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை வழியனுப்பப் போனான். அவள் லிஃப்டுக்குள் ஏறினாள். பின்னாலேயே அவனும் காலை வைத்தான்.

கீங்ங்... அதிக எடை மணி.

உள்ளே இருந்தது இரண்டே பேர்.

வெளியே வந்தான். மணி நின்றது. மறுபடி ஏறினான்.

கீங்ங்...

“நீங்க ஏறினாத்தான் கத்துதுண்ணா,” என்றாள் மகள், குரல் இறங்கி.

வெளியே வெயில் கொளுத்தியது. லிஃப்டுக்குள் நனைந்த குடையின் வாடை வீசியது. அவன் காலடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“பொய்ம்மா... அக்கா கேட்டாங்க. நான்தான் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன்.”

மணி நின்றது.

மகள் கத்தவில்லை. பெட்டியை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அம்மா வீட்ல உங்க ஜோக்கை எல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. நல்ல பையன்னு சொல்வாங்க.”

அவன் இறங்கிக்கொண்டான். கதவு மூடியது. இதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம் என்று நினைத்தான்.

மாலை காரைக் கிளப்பினான்.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் பெல்ட் போடவில்லையாம். காலி இருக்கையில் கை வைத்துப் பார்த்தான். உறை தொப்பலாக நனைந்திருந்தது.

இறங்கி ஓடியிருக்கலாம். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினான். வாசலில் நிறுத்தி, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

“அக்கா... வந்துருச்சு. இறங்குங்க.”

டிங். டிங்.

“மன்னிச்சிருங்க அக்கா. இறங்கிக்கோங்க.”

திறந்த கதவு மெல்லத் தானே சாத்திக்கொண்டது.

“ஹி... ஹி...”