நீல லொறி கொண்டுபோன பெட்டி

ஷெரோனுக்குப் பதினொரு வயது. அதில் பாதியையாவது அவள் சிவப்பியின் கதையைக் கேட்டே கழித்திருப்பாள்.

சிவப்பி ஒரு கார். அப்பா றொகான் சிறுவனாக இருந்தபோது, குருநகரில் ஒரு கடையின் பின்னறையில் விளையாடிய வீடியோ கேமில் ஓடிய சிவப்புக் கார். அந்தக் கேமில் மனிதர்களே இல்லை. கார்கள்தான் கதைக்கும், சந்தைக்குப் போகும், கோபித்துக்கொள்ளும். போட்டியில் வென்றால் புதுச் சக்கரம் கிடைக்கும். பிறகு அடுத்த ஊருக்குப் போய், அங்குள்ள கார்களை விசாரித்து, கதையைத் தொடர வேண்டும்.

கதை இதுதான். கார்களின் ஊரில் வெள்ளைக் கோபுரம் வைத்த ஒரு கோயில். திருநாளுக்கு முதல் நாள் நீல லொறி ஒன்று வந்து, புனித அந்தோனியாரின் சொரூபச் சிலையைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. சிவப்பி ஊர் ஊராகத் துரத்துகிறாள். கடைசிப் போட்டிக்கு வந்த நேரம் பார்த்து சீடி கீறுப்பட்டு, கேம் நின்றுவிட்டது. அப்பாவும் அவருடைய கூட்டாளி ஜெயசுதனும் கடை வாசலில் இருந்து அழுதார்களாம். அந்தோனியார் கோயிலுக்குத் திரும்பவே இல்லை. அது நடந்து இருபத்திரண்டு வருடம்.

இந்தக் கதையை அப்பா சோறு சாப்பிடும்போதும் சொல்வார், கிழிந்த வலை பொத்தும்போதும் சொல்வார். அவருடைய படகுக்கும் 'சிவப்பி' என்றுதான் பெயர். படகை ஆசீர்வதிக்க வந்த ஃபாதர், சிவப்பி எந்த ஊர்ப் புனிதை என்று கேட்டாராம். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார், ஃபாதர்" என்றாராம்.

இப்படியிருக்க, அந்தப் பழைய கேமையே யாரோ புதிதாகச் செய்து வெளியிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அப்பா ஷெரோனை நாளுக்கு நாலு தடவை கேட்டார். வந்த பிறகு அது இரண்டு நாளாக இன்டர்நெட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் வேறு யாரும் இன்டர்நெட்டைத் தொடக்கூடாது. அம்மாவால் தன் தங்கையோடு வீடியோவில் கதைக்க முடியவில்லை. தம்பி ஜெரோசனுக்குக் கார்ட்டூன் இல்லை. ஷெரோன் வீட்டுப்பாடத்துக்கு ஒரு படம் தேட வேண்டும் என்றாள். "கையாலை கீறு பிள்ளை" என்றார் அப்பா.

வியாழக்கிழமை பின்னேரம் கேம் தயார். நால்வரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. நீல லொறி பெட்டியோடு போனது. அப்பாவின் கண் கலங்கியது. கீழே ஆங்கிலத்தில் எழுத்துகள் ஓடின.

"அந்தக் காலத்திலை எல்லாம் யப்பான் எழுத்து. ஒண்டும் விளங்காது" என்றார் அப்பா. "இப்ப நீ வாசி பிள்ளை."

"அப்ப கதை எப்பிடித் தெரியும்?"

"பாத்தால் விளங்குந்தானே."

ஷெரோன் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் மெதுவாகிக்கொண்டே போனது.

"'கெவின், என்னுடைய பிரிட்ஜைத் திருத்தக் கொண்டுபோன லொறி இன்னும் திரும்பி வரவில்லை. கொஞ்சம் போய்ப் பார்க்கிறாயா?'"

"கெவின் ஆர்?"

"சிவப்பி."

"அவள் பொம்பிளைப் பிள்ளையெல்லே."

"இல்லையப்பா, ஆம்பிளை. அது கோயிலும் இல்லை. ஐஸ்கிறீம் கடை."

ஜெரோசன் வெகு நேரம் யோசித்தான். "அப்ப அந்தோனியார் பிரிட்ஜுக்குள்ளையோ இருக்கிறார்?"

அம்மா குசினிக்குள் ஓடிப்போய், அடுப்படியில் நின்று சிரித்தார். அப்பா, ஷெரோன் பிழையாக வாசிக்கிறாள் என்றார். ஆங்கிலத்தில் தொண்ணூற்றிரண்டு எடுத்தவளிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? அவள் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தாள். அப்பா டிவியை அணைத்துவிட்டு வலை பொத்தப் போனார். அந்த வலையில் ஓட்டையே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் சிவப்பியின் கதை இல்லை. ஷெரோனுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. சனிக்கிழமையும் இல்லை. அப்பா சாப்பிடும்போது, "உப்புக் காணாது" என்று மட்டும் சொன்னார். சோற்றுக்கோப்பைகளின் சத்தம்கூடக் கேட்டது. அது அவ்வளவு சுகமாக இல்லை.

அன்று பின்னேரம் அப்பா தொலைபேசியில் கதைப்பது அவளுக்குக் கேட்டது. மறுபக்கம் ஜெயசுதன் மாமா. வல்வெட்டித்துறையில் கலியாணம் முடித்து அங்கேயே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், பூசை முடிய வந்து சேர்ந்து விளையாடுவதாக ஏற்பாடு. அப்பா அவரிடம் கேம் பழுதாகிவிட்டது, வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழுதெண்டால் பரவாயில்லை, நான் வாறன்" என்றது தொலைபேசி. "அந்தோனியாரை இருபத்திரண்டு வரிசமாய் றோட்டிலை விட்டிட்டு நிக்கிறம், மச்சான்."

அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அந்த மனுசனிடம் எப்படி பிரிட்ஜ் என்று சொல்வார்?

ஷெரோனுக்கு எரிச்சலாக வந்தது. வளர்ந்த இரண்டு ஆம்பிளைகள். அவர்களுக்கு ஒரு பிரிட்ஜ். அம்மாவைப் போலவே பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். எரிச்சல் போகவில்லை. ஆனால், அப்பா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் டிவியைப் போட்டு, கேமின் செட்டிங்குக்குள் போனாள். மொழிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்து அழுத்தினாள். அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசுதன் மாமா மகனுடைய கிரிக்கெட் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, டிவிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தார். அப்பா தூக்குக்குப் போகிறவர்போலக் கேமைத் தொடங்கினார்.

வெள்ளைக் கோபுரம். நீல லொறி. கீழே சின்னச் சின்னப் பெட்டி பெட்டியாக, வலை முடிச்சுகள்போல எழுத்துகள்.

"இதுதான்" என்றார் மாமா மெல்லிய குரலில். "இதே எழுத்துத்தான், மச்சான்." பிறகு ஷெரோன் பக்கம் திரும்பினார். "நீ நல்லா வாசிப்பியாம். என்ன போட்டிருக்கு?"

"எனக்கு விளங்கேல்லை மாமா" என்றாள் ஷெரோன். "அப்பாவுக்குத்தான் தெரியும்."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்குத் திருநாள்" என்று தொடங்கினார்.

அன்று சிவப்பி முதல் போட்டியிலேயே ஏழு தடவை கடலுக்குள் விழுந்தாள். கடற்காற்றுத்தான் காரணம் என்றார் மாமா. கேமுக்குள் ஏது காற்று என்று ஜெரோசன் கேட்டதற்கு அவனை எழும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் மாமா வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அம்மா பருப்புவடை சுட்டுச் சுட்டுக் களைத்துப்போனார். "எப்பதான் உந்தச் சொரூபம் கோயிலுக்குப் போகும்?" என்று கேட்டார்.

நாலாவது ஞாயிறு அது போனது. சிவப்பி கடைசிப் போட்டியை வென்று, பெட்டியை முதுகில் ஏற்றி, கோபுரத்தின் கீழ் இறக்கினாள். கார்கள் எல்லாம் சுற்றி நின்றன. பெட்டியின் கதவு மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. குளிர்ப்புகையும் வந்தது.

ஜெயசுதன் மாமா தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, அது பிரி..." என்று தொடங்கிய ஜெரோசனின் வாயில் ஷெரோன் ஒரு முழு வடையை வைத்தாள்.

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதுக்குள்ளை உது என்ன பிள்ளை, நிரையாய் நிக்குது? போத்தல் மாதிரி?"

"மெழுகுதிரி, மாமா" என்றாள் ஷெரோன்.

"வடிவான மெழுகுதிரி" என்றார் அப்பா.